டயர் எழுத்துக்குக் கிடைச்ச இடம்

எழுத்து வரையறதெல்லாம் ஒரு வேலையான்னா, வேலைதாங்க. ‘இன்னும் கொஞ்சம் பெருசாக்கு’ன்னு சொல்லாத கஸ்டமரே கிடைக்காத வேலை. போர்டு டிசைன் பண்ற உங்களுக்குத் தெரியாததா! நான் பகல்ல பிளெக்ஸ் கடை, ராத்திரி பள்ளிக்கூடம்னு படிச்சவன். இப்போ கொச்சி மட்டாஞ்சேரியில சொந்தக் கடை. சலிச்சுப்போய், பெருசாக்கவே தேவையில்லாத ஒரு மலையாள எழுத்து வகையை நானே வரைஞ்சேன். படகு இடிக்காம இருக்க படகுத்துறையில, இங்க ஜெட்டிம்பாங்க, டயர் தொங்கவிட்டிருப்பாங்களே, அதுதான் மாதிரி. கொழுகொழு உடம்பு, நடுவுல சின்ன ஓட்டை, பக்கத்து எழுத்து மேல சாஞ்சுக்கிட்டு நிக்கும். பேரும் டயர் எழுத்துதான்.

முதல் போர்டு

யாரும் சீண்டலை. ஜெட்டிப் பக்கம் சாயாக்கடை வெச்சிருந்த பாஸ்கரன் சேட்டன்தான் தன் போர்டுக்குக் கேட்டார். ஆளைச் சிரிக்க வெச்சுட்டுதான் கிளாஸையே கையில குடுப்பார். போர்டு மாட்டின அன்னிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், தொப்பையைத் தடவிக்கிட்டே பார்த்தார்.

“எடா முருகா, என்னைப் பார்த்துத்தானே வரைஞ்சே? உள்ளதைச் சொல்லு.”

தேவரா மேடம்

அந்த போர்டைப் பார்த்துட்டு, தேவராவுல ஜிம் நடத்துற மேடம் ஒருத்தங்க வந்தாங்க. எனக்குத் தலைகால் புரியலை. டிசைனைக் காட்டினா, பாதியை வெச்சுக்கிட்டு மீதியை ஒல்லி எழுத்துல மாத்தச் சொன்னாங்க. ஏன் மேடம்னேன்.

“சேரும்போது உங்க எழுத்து மாதிரி வருவாங்க, போகும்போது அந்த எழுத்து மாதிரி போவாங்க.”

முக்குல கட்டின பிளெக்ஸ்

போன மழையில பாஸ்கரன் சேட்டன் போயிட்டார். இங்க யார் இறந்தாலும் ரோட்டு முக்குல ஆதராஞ்சலி பிளெக்ஸ் கட்டுவாங்க. கறுப்பு, ஒரு போட்டோ, அடக்கமான எழுத்து. மகன் அனில், பேரை டயர் எழுத்துலயே போடச் சொன்னான்.

“வேண்டாம்டா, சாவுக்குப் போய் சிரிக்கிற எழுத்தா? உங்க சொந்தக்காரங்க என்னை உரிச்சிடுவாங்க.”

“அச்சனோட கடை போர்டுல இருக்கிறதுதானே சேட்டா?”

அழுதுக்கிட்டே கேக்கிறவன்கிட்ட என்ன வாதம்? அடிச்சுக் குடுத்துட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். செத்தவரைக் கேலி பண்ணினவன்னு பேர் வந்துட்டா, அந்தக் கடை வாசலை எப்படித் தாண்டறது?

மறுநாள் சேட்டனோட அக்கா சரோஜினி சேச்சி பிளெக்ஸ் முன்னாடி வந்து நின்னாங்க. நான் ஒரு ஆட்டோவுக்குப் பின்னாடி நின்னேன். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ. அதுல சேட்டன் எல்லாரையும் முறைச்சுக்கிட்டிருந்தார். சேச்சி அதைப் பார்த்தாங்க, கீழ பேரைப் பார்த்தாங்க. சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்சுட்டாங்க.

“போட்டோவுல இருக்கிறது யாரோ. பேருதான் நம்ம பாஸ்கரன்.”

அனில் கடையிலேர்ந்து “சேட்டா, சாயா ஆறுது!”ன்னு கத்துறான், இருங்க, வரைஞ்சவனை விட வரைஞ்ச எழுத்துக்குத்தான் இந்த ஊர்ல சொந்தபந்தம் ஜாஸ்தி, அது தயவுல எனக்கும் ஒரு கிளாஸ் கிடைக்குது, வரேன்.