அண்ணையின் பொம்பிளையும் என் ரேடியோவும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு மார்கழிக் காலை. ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள், பூச்செண்டு, மீன் ரோல் சகிதம் காத்து நின்றோம். அண்ணைக்குப் பேசி முடித்த பொம்பிளை கொழும்பிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தார். வெளியே ஒன்றும் தெரியாத பனிப்புகார்.

என் காதில் இயர்போன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஈஸ்ட் ஹாமில் பழசாக வாங்கிய ஸ்கானர் ரேடியோ நன்றாக ஒத்துவந்தது. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவதை அதில் கேட்கலாம். கடையில் பெட்டி தூக்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் ஆகாயத்தில்தான். ஆனால் வீட்டில் ஒருவரும் நான் சொல்வதை நம்பமாட்டார்கள். போன கோடையில், “மாமியின்ர பிளேன் முந்திட்டுது” என்று பொய் சொல்லி அத்தானைக் குளிக்காமலே இங்கே ஓட வைத்தவன் நான்.

அறிவிப்புப் பலகையில் ‘தாமதம்’ என்று மட்டும் இருந்தது. என் காதிலோ பொம்பிளையின் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு விமானியின் குரல்: எண்ணெய் குறைகிறது, இனிச் சுற்ற முடியாது, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் போகிறேன்.

“அண்ணை, பிளேன் இஞ்ச வராது. ஸ்டான்ஸ்டெட்டுக்குத் திரும்பிட்டுது!”

அத்தான் சிரித்தார். “ஓமோம், பைலட் உனக்குத்தான் முதல்ல சொன்னவனாக்கும். நான் இண்டைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தனான், ராசா.”

அண்ணை சிரிக்கவில்லை. இப்படி வருகிற பொம்பிளைகளை இமிகிரேஷனில் நிறுத்தி, பொறுப்பு நிற்பவரின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஆள் வந்து பதில் சொல்லாவிட்டால் பெண்ணை உள்ளேயே வைத்திருப்பார்கள். எங்கள் பொம்பிளைக்கு ஆங்கிலமும் வராது. அண்ணை எந்த விமான நிலையத்தில் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

தகவல் மேசையில் கேட்டுப் பார்த்தார். இன்னும் ஒன்றும் தெரியாது என்றார்கள்.

“போர்டிலயும் ஒண்டும் போடேல்லையேடா?”

“போர்டுக்குக் காது இல்லை அண்ணை. எனக்கிருக்கு.”

“உண்மையைச் சொல்லு. பகிடியோ?”

“உங்கட பொம்பிளையை வைச்சுப் பகிடி விடுவனே?”

“விடுவாய்,” என்றார். சொல்லிக்கொண்டே அத்தானிடம் கையை நீட்டினார். “வான் திறப்பைத் தாங்கோ.”

“போங்கோ, போங்கோ,” என்று அத்தான் சாவியை எடுத்துக் கொடுத்தார். “பொம்பிளை இஞ்ச வந்து முதல்ல என்ர மூஞ்சியைத்தான் பாக்கப்போகுது!”

எம் இருபத்தைந்து நெடுஞ்சாலையில் எங்கள் இருவரோடு வான் ஊர்ந்தது. என் ரேடியோவில் வெறும் இரைச்சல். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எசெக்ஸ் பக்கம் புகார் கலைந்து வெயில் வந்தது. விமான நிலைய வேலி தெரிந்ததும் எட்டிப் பார்த்தேன். வரிசையாக நின்ற விமானங்களில் ஒரு வால், எனக்கு நன்றாகத் தெரிந்த கொழும்பு விமானத்தின் வால்!

“அண்ணை, அங்க பாருங்கோ!”

அண்ணை பார்த்த பார்வையில் வான் புல்லுக்குள் இறங்கப் பார்த்தது.

உள்ளே அந்த விமானத்துக்கென்று காத்து நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். பயணிகளை இவ்வளவு நேரமும் விமானத்துக்குள்ளேயே வைத்திருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி எங்கள் நீளப் பெயரைக் கடித்துக் குதறியது. அண்ணை ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

பொம்பிளை அழுது சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். “வேற இடத்தில இறக்கிப்போட்டம் எண்டிச்சினம். நீங்கள் எப்பிடி இஞ்ச நிக்கிறியள்?”

அண்ணை என்னைக் கையால் காட்டினார்.

“மச்சாள்,” என்றேன், “நீங்கள் மேல சுத்தேக்கையே நான் உங்களோடதான் வந்தனான்.”

பிறகு அங்கிருந்த மேசைக்காரியைக் கெஞ்சி, ஹீத்ரோவில் அத்தானின் பெயரைக் கூப்பிட வைத்து, போனில் சொன்னேன்: “பொம்பிளை எங்களோட. மீன் ரோலை முடிச்சுப்போடாதேங்கோ!” தன் பெயர் கேட்டதும் பொம்பிளை வந்துவிட்டதென்று நினைத்துத் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்தாராம் அத்தான்.

இன்றும் ரேடியோவைத் திருகும்போது எனக்கு விமானியின் குரல் ஞாபகம் வருவதில்லை. “விடுவாய்” என்று சொல்லிக்கொண்டே திறப்புக்கு நீட்டிய அந்தக் கைதான் வருகிறது, ஏனென்றால் நான் நல்ல பிள்ளையாக மாறும்வரை காத்திராமல், குழப்படிக்காரனாக இருந்தபோதே என்னை நம்பிய கை அது.