விதைக்கு அறுபது

எங்கள் டிராக்டருக்கு மீட்டர் நான்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா திண்டிவனத்தில் யாரிடமோ வாங்கி வந்த அந்தக் கிழட்டு வண்டியில், இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டவேண்டிய முள் வாங்கும்போதே படுத்துவிட்டிருந்தது. உழவுக்கும் வண்டி லாயக்கில்லை. அதன் பக்கவாட்டில் இருந்த சக்கரத்தில் நீளமான பெல்ட்டை மாட்டி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் சேர்த்துக் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். ஓடும்போது வேகத்தைக் குறைத்தாலோ தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

பெல்ட்டின் இரண்டு முனைகளையும் கம்பியால் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வரும். அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை டக் என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டைக்கு எண்பது, விதைக்கு அறுபது. வேகம் கூடினால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்த பருப்பு செக்குக்கு ஆகும், முளைக்காது.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் விதை மல்லாட்டையை யாரும் மெஷினில் போடமாட்டார்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து கையால் உரிப்பார்கள். அப்பாதான் டீக்கடையில் போய், "நம்ம மெஷின்ல போடு, தோலுகூட கீறாது. எம் பொண்ணு எண்ணிச் சொல்லுவா" என்று பீற்றிக்கொண்டிருந்தார். பத்து வயதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஆடியில் நல்ல மழை. எங்கள் நிலத்தில் களை எடுக்க காலனியிலிருந்து வரும் ஓர் அம்மா, முதல்முறையாகத் துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும், கையால் உரிக்க நேரமில்லை. இருந்த ஒரே மூட்டையைத் தலையில் சுமந்துவந்து இறக்கினார்.

"பாத்துப் போடுங்க ஐயா. வெதைக்கு இத்த வுட்டா வேற இல்ல."

"கவலப்படாத. ஜல்தியா முடிச்சிக்கினு போயிடலாம்" என்றார் அப்பா.

அப்போது திண்டிவனத்து வியாபாரி ஒருவரின் மூட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதி முடிந்திருந்தது. அந்த அம்மாவின் மூட்டையை நடுவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. நான் எண்ணினேன். "எண்பத்தொண்ணுப்பா!" என்று இன்ஜின் சத்தத்தில் அப்பாவின் காதருகே கத்தினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வேகம் குறைக்கிற பிடியில் கை வைத்தார். பிறகு வியாபாரியைப் பார்த்தார். வண்டி நின்றுபோனால் அந்த ஆள் மிச்ச மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு மெஷினுக்குப் போய்விடுவார். பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "செரி, செரி" என்று சொல்லி விதை மூட்டையைக் கவிழ்த்தார்.

பருப்பு கொட்டியது. அந்த அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, அப்படியே அப்பாவிடம் நீட்டினார். முக்கால்வாசி பிளந்திருந்தது. மெஷின்காரர் தப்பென்றால் அவர் வீட்டு விதையிலிருந்து அளந்து கொடுப்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் வீட்டு விதை உரித்துத் தயாராக உள்ளறையில் இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அறுபதுன்னுதானடி சொன்ன? எண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே, சனியனே!"

நான் வாயைத் திறப்பதற்குள், "கொயந்தய நம்பி மெஷின் ஓட்டனா இப்டித்தான்" என்று வியாபாரி சிரித்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காதெல்லாம் சுட்டது. கையிலிருந்த கடிகாரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவேளை அறுபது என்றுதான் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை அவமானம்.

"பாப்பாவத் திட்டாதீங்க ஐயா. பச்சப் புள்ள, அது இன்னாத்தக் கண்டுது?" என்றார் அந்த அம்மா. என் தலையைத் தடவ வந்த கை பாதியில் நின்று திரும்பிப் போனது. குழந்தை செய்த தப்புக்கு யாரிடம் விதை கேட்பது? குவியலில் முழுசாக இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

அவர் நிலத்தில் ஒரு மூலை மட்டும் முளைத்தது. மிச்சம் அந்த வருஷம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னைக் கண்டால், "இன்னும் அத்தயே நெனச்சிக்கினு கீறியா பாப்பா? கணக்கு எல்லாருக்குந்தான் தப்பும்" என்பார். அதைக் கேட்கக் கூசி, அவர் தலை தெரிந்தாலே ஓடையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன்.

அப்பா அதன்பிறகு என்னை எண்ணக் கூப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து உதட்டை அசைத்துத் தானே எண்ணிக்கொண்டார். அரைப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். இனியாவது எனக்கு எண்ணத் தெரியும் என்று நம்புவாரே என்று, விடைத்தாளை எடுத்துக்கொண்டு வண்டியடிக்கு ஓடினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "போம்மா... உள்ள போ" என்றார். தலை நிமிரவில்லை.

அவருக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.