எனக்காக அம்மா அமுக்கிய சிரிப்பு

மகள் பிறந்த பிறகு ராஜபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ், பெற்றவளின் மனசைக் கவனிக்க ஒரு ஆப் இருக்கிறது என்று என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தார். தினமும் அது கேள்வி கேட்குமாம். நிலைமை சரியில்லை என்றால் ஆலோசகர் பேசுவாராம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரி செல்லப் பாத்தா கண்ணு போயிரும்ட்டி. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டாள். காலையில் எனக்குப் பூண்டுக் குழம்புச் சோறு போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மனநிலையைப் பதிவு செய்வாள். திரையில் வரிசையாக மூஞ்சிகள் வரும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அழுமூஞ்சியைத் தொடுவது அபசகுனமாம். அதனால் பல் தெரியச் சிரிப்பதையே அமுக்குவாள். 'காரணமில்லாமல் அழுகிறீர்களா?' என்று கேட்டால், "காரணமில்லாம யாரு அழுவா?" என்று அதையே அதட்டிவிட்டு 'இல்லை' போடுவாள். நானோ தினமும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஆப் என்னை மெச்சி நட்சத்திரம் கொடுத்தது. அம்மா அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் கணவருக்கு அனுப்பிவைக்க, ஞாயிற்றுக்கிழமை பால்கோவாவோடு வந்தவர், "எம்புட்டு ஸ்டார் வாங்கிருக்க!" என்று பூரித்தார். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மா எனக்குப் பால்கோவா தரவில்லை. நட்சத்திரத்தையும் நான் பார்க்கவில்லை.

உண்மையில் நான் பயந்துபோயிருந்தேன். மகள் அழுதால் தூக்கக் கை வராது. தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றும். யாரிடமாவது சொல்லாவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று தெரிந்தும் வாய் வரவில்லை.

அம்மாவுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். ஒரு நாள் காலை அப்படித்தான் படித்தாள்: "உங்கள் குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறதா?"

விரல் 'இல்லை'க்குப் போனது.

"ஆமாம்மா," என்றேன்.

"ஏட்டி, அது சும்மா கேக்குது."

"நெசமாத்தாம்மா. பயமா இருக்கு."

குழாய்ச் சத்தம் இல்லாமல், அவள் முன்னாலேயே அழுதேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு 'ஆமாம்' அமுக்கினாள். ஆலோசகரை அழைக்க ஒரு பொத்தான் வந்தது. அதையும் அமுக்கி, மணி அடித்துக்கொண்டிருந்த செல்போனை என் கையில் திணித்துவிட்டு, மகளைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு போனாப் போகுது. நீ பேசுட்டி."