முடிவுக்கு முன் பத்து நொடி

காரைக்குடி பர்வீன் பானு சினிமாக் கதை சொல்ல ஆரம்பித்தது ஒரே ஒரு ஆளுக்காக. கணவர் ஜமீல் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். படம் பார்க்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. தான் பார்த்த படத்தை அவள் வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்புவாள். ஊருக்கு வந்ததும் பார்க்கலாம் என்று அவர் ஆசையாக வைத்திருந்த ஒரு படத்தில் கொலைகாரன் யார் என்பதை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஜமீல் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கடைசிக் கட்டம் வந்ததும், "முடிவு தெரிய வேணாம்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி பேசாமல் இருப்பாள். யூடியூப் சேனல் தொடங்கியபோதும் அதை விடவில்லை. ஸ்பாய்லர் என்று சிவப்பில் எழுதிப்போட்டால் போதாதா என்று தங்கை நாதியா கேட்டாள். சொல்லிவிட்டால் ஆயிற்றா, எழுந்துபோக நேரம் கொடுக்க வேண்டாமா என்றாள் பர்வீன்.

வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்ததால் எல்லாப் பதிவிலும் ஹாரன் சத்தம் விழுந்தது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்த கோட்டைச்சாமி, ஜமீலுக்குப் பழக்கமானவர். வீட்டுக்காரர்களிடம் கேட்டு முன்னறை ஒன்றைத் திறந்துவிட்டார். செவ்வாய்தோறும் காலை பதினோரு மணிக்குப் போய்ப் பதிவு செய்தாள். சுவர்கள் அவ்வளவு கனம். அவள் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

மூன்றாவது வாரம் நேயர் ஒருவர் எழுதியிருந்தார்: அந்தப் பத்து நொடியில் பக்கத்தில் பேசுவது யார்? பர்வீன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள். ஒரு பெண் குரல், நிதானமாக. முதல் வாரப் பதிவில், "ஒருத்தி இருந்தா" என்று மட்டும் இருந்தது. அடுத்ததில், "அவ புருசன் கடலுக்கு அங்குட்டு லாரி ஓட்டுனான்." மூன்றாவதில், போன் எடுக்காத அந்த இரண்டு நாள் வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது செவ்வாய் போகாமலே இருந்திருக்கலாம். போனாள். இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பதிவு முப்பத்தொரு நிமிடம் என்று காட்டியது. பத்து நொடி வரும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"முடிவு தெரிய வேணாம்னா இப்பவே எந்திரிச்சுப் போயிரு, பர்வீனு."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பதிவு இருந்த போனை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோட்டைச்சாமி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வேறு யாராவது போவதுண்டா என்று கேட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"நீங்க ரெண்டு பேருதானே பேசுறீக? அந்தம்மா முன்னாடியே வந்து உள்ள போயிருவாக போலன்னு நெனச்சேன். இன்னைக்கு நீங்க நிறுத்துன பொறவும் அவுக விடல. சன்னல் வழியாக் கடைசி வரைக்கும் கேட்டேன்." பேசிக்கொண்டே போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அது உங்க கதையா, தாயி?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"முடிவச் சொல்லவா?"

நல்ல முடிவா என்று மட்டும் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. அதைத் தெரிந்துகொண்டாலும் முடிவைத் தெரிந்துகொண்டதுபோலத்தான்.

"வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்தாள். உடனே ஜமீலைக் கூப்பிட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படியாவது லீவு போட்டு வரும்படி கேட்டாள்; காரணம் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு மறுபடி அவள் போகவில்லை. நாற்பது நாளில் ஜமீல் வந்து சேர்ந்தார், நல்ல உடம்போடு. திங்கட்கிழமைச் சந்தையில் கோட்டைச்சாமி எதிரே வந்தார். ஜமீலின் கையைப் பிடித்துக்கொண்டு எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். இருபதாம் தேதி என்றார் ஜமீல். கோட்டைச்சாமி பர்வீனைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். ஆனால் பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பர்வீன் நடந்தது முழுவதையும் ஜமீலிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போகும் டிக்கெட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

இருபதாம் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கிறது.