மூன்றெழுத்து மாவட்டம்

1. நேற்றுப் பின்னேரம் பாரிசின் லா சப்பலில், மரக்கறிக் கடை வாசலில் ஒரு ஜெர்மன் கார் நின்றது.
2. ஜெர்மனியில் கார் இலக்கம் மாவட்டத்தின் எழுத்தோடு தொடங்கும்; இதன் இலக்கத்தகட்டின் முதல் மூன்று எழுத்துகள், நான் நாலு வருடம் அடைபட்டுக் கிடந்த மாவட்டத்தின் எழுத்துகள்.
3. கையில் வெண்டிக்காயோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.
4. “என்ன பிள்ளை, காரையும் தராசிலை நிறுத்துத் தரட்டோ?” என்றார் கடைக்கார அண்ணை.

நல்ல பகிடிதான். ஆனால் அவருக்குப் பின்னால் வாளியில் இருந்த தோசைமாவின் புளிப்பு மணம் அதற்குள் என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது. அந்த மாவட்டம் முழுக்க அப்படித்தான் மணக்கும். மாடுகளுக்காகச் சோளப்பயிரை நறுக்கிக் கறுப்புப் பொலித்தீனால் மூடிப் புளிக்க வைத்திருப்பார்கள். வந்த புதிதில், ஊர் முழுவதற்கும் யாரோ தோசைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பசியும் ஒரு காரணம்.

இலங்கையில் சண்டை முடிந்த அடுத்த வருடம், பாரிசில் இருந்த என் கூடப்பிறந்த அண்ணையிடம் போக வெளிக்கிட்டு வழியில் ஜெர்மனியில் பிடிபட்டேன். அகதி மனுவுக்கு முடிவு வரும்வரை அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. எல்லையில் ஒரு பலகை. இந்தப் பக்கம் சோளம், அந்தப் பக்கமும் அதே சோளம். மின்னியல் படித்தவள் நான். வேலியும் காவலும் இல்லாத வெறும் பலகை ஆளை எப்படித் தடுக்கும் என்று யோசிப்பேன். தடுத்தது. தாண்டிப் பிடிபட்டால் மனுவே கெட்டுப்போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் இருந்த அகதிகள் விடுதிக்கு எதிர்வீட்டு ஹெல்கா இரக்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது. இங்கே எல்லாம் இருக்கிறதே, எதற்கு வெளியே போக வேண்டும் என்றார். பக்கத்து மாவட்டத்து எழுத்தோடு ஒரு கார் வந்தால், ஓட்டத் தெரியாதவன் வந்துவிட்டான் என்று ஜன்னலில் நின்று திட்டுவார். எல்லாரும் அப்படித்தான். அந்த எழுத்துகள் அவர்களுக்கு வீட்டுப்பெயர் மாதிரி.

அப்போதுதான் அண்ணைக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் இருவருக்கும் வேறு ஆட்கள் இல்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் தங்கை தோழியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். அனுமதி கேட்டேன்; வேறு நாட்டுக்குத் தர முடியாது என்றார்கள். அண்ணை இரண்டு முறை நாளைத் தள்ளிப்போட்டார். மூன்றாம் முறை பெண் வீட்டார் பொறுக்கவில்லை.

“களவாய் வரட்டோ அண்ணை?”

“விசர்க்கதை கதையாதை. பிடிச்சுத் திருப்பி அனுப்பினா, பிறகு உன்னை எங்கை போய்ப் பாக்கிறது?”

கலியாணம் முடிந்த கிழமை, அண்ணையும் அண்ணியும் காரில் என்னைப் பார்க்க வந்தார்கள். பெருமை தாங்காமல் ஹெல்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதன் பலன், அவர்கள் இறங்கியதும் அயலவர் எல்லாரும் பழைய பீங்கான்களோடு வந்து விடுதி வாசலில் போட்டு உடைத்தார்கள். கலியாணக்காரர் முன் உடைத்தால் அதிர்ஷ்டமாம். நாங்கள் குடம் உடைப்பது சுடலையில். அண்ணி வெளிறிப்போனார்.

“என்னப்பா இது, இஞ்சை ஆர் செத்தது?”

ஹெல்கா சிரித்துக்கொண்டே இரண்டு தும்புத்தடிகளை நீட்டினார். மணமக்கள் சேர்ந்து கூட்ட வேண்டும், அது முறை. அண்ணை கூட்டத் தொடங்க, அண்ணியும் சேலையைச் செருகிக்கொண்டு கூட்டினார். நான் குனிந்து குப்பை அள்ளும் தட்டைப் பிடித்தேன். தோழிக்குக் கிடைத்த வேலை அதுதான்.

திரும்பும்போது பலகை வரை காரில் போய் இறங்கிக்கொண்டேன். கார் வளைவில் மறைந்தபிறகும், அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். சோளம் புளித்து மணத்தது.

இன்று ஹெல்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்களாம். பலகையைக் கழற்றியாயிற்று. கார்க்காரர்கள் மட்டும் பழைய எழுத்தை விடமாட்டோம் என்று வைத்திருக்கிறார்கள், அவர் உட்பட.

நாலாம் வருடம் மனு சரிவந்து விசா கிடைத்தது; பிறகு பாரிசுப் பக்கம் வந்துவிட்டேன். சென் தெனியில் லிஃப்ட் திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லா கூர்னெவில் அண்ணை வீட்டில் சாப்பாடு. அங்கே சுவரில் கலியாணப் படம் இருக்கிறது. தோழி நிற்கும் இடத்தில், அண்ணையின் கூட்டாளி ஒருவரின் தங்கை நிற்கிறாள்.