டயர்ச் செருப்பின் தடம்

மீன் விற்கும் என் நண்பனின் சைக்கிள் களவு போனது. அது இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பில்லை. சைக்கிள் நின்ற ஈரமண்ணில் ஒரு செருப்புத் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. அதை நான் பத்திரிகைத் தாளில் கோடு தவறாமல் வரைந்துகொண்டேன். மூன்று நாள் துறைமுகத்தடியில் போவோர் வருவோரின் கால்களையே பார்த்து இருவரும் அலைந்து களைத்தோம். கடைசியில் சந்தையில் செருப்புத் தைப்பவரிடம் தாளை நீட்டினேன்.

“இது நான் வெட்டினதுதான், தம்பி. பழைய லொறி டயர். இஞ்ச பாதிப்பேர் இதைத்தான் போடுகினம். உங்கட செருப்பையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினேன். அதே கோடுகள்.

“அண்டைக்குச் சைக்கிளைக் காணேல்லையெண்டு முதல்ல அங்க ஓடிப்போய் மிதிச்சது நீதானேடா?” என்றான் நண்பன்.

கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. மறுநாள் மீன்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான்.