போடாமல் விட்ட நீளக் கேபிள்

தலைநகர் சுவாவில் இருந்த எங்கள் அலுவலகத்தில் வசிதி அளவுக்குச் சுத்தமாகக் கேபிள் போடத் தெரிந்தவர் அப்போது யாருமில்லை. அதனால்தான் வேறொரு தீவிலிருக்கும் சவுசவு துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்கு, போன்களையும் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஐந்து நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளை வைக்கும் வேலைக்கு அவளை அனுப்பினோம்.

ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்பக்கம் தடித்த கேபிள்களால் அடுத்தடுத்துப் பிணைத்தால் எல்லாம் ஒரே பெட்டி போல வேலை செய்யும். கடைசியாக, அடியில் இருக்கும் ஐந்தாவதிலிருந்து உச்சியில் இருக்கும் முதலாவதற்கு ஒரு நீளக் கேபிள் போக வேண்டும். அதைப் போட்டு வளையத்தை மூடினால்தான், நடுவில் ஒன்று செத்தாலும் மற்ற நான்கும் தாக்குப்பிடிக்கும்.

வந்திருந்த கேபிள்கள் எல்லாமே அரை மீட்டர். கடைசியாகப் போட வேண்டிய இடத்துக்கு எதுவும் எட்டவில்லை. வளையம் மூடாமலே விளக்குகள் பச்சையாக எரிந்தன. அவள் ஊர் திரும்ப வேண்டிய கப்பல் புறப்பட முக்கால் மணி நேரம்தான் இருந்தது. வசிதி வேலைத்தாளில் 'முழுமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இலைட்டியா உள்ளே வந்தார். சவுசவுவில் எங்கள் கம்பெனிக்கு இருந்த ஒரே ஆள் அவர். பதினோரு வருட வேலை.

"என்னம்மா, முடிஞ்சுதா? இல்ல சுவாக்காரங்க வழக்கப்படி பாதியில ஓடுறியா?"

"முடிஞ்சுது மாமா. நீங்க மீனைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள நான் வேலையையே முடிச்சிட்டேன்."

"இதுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?"

"ஒண்ணை அணைச்சாலும் மத்தது ஓடும். தைரியமா இருங்க."

ஊர் திரும்பியதும் நீளக் கேபிளை வரவழைத்தாள். அடுத்த முறை போகும்போது மாட்டிவிடலாம் என்று இழுப்பறையில் வைத்தாள். ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது.

மார்ச்சில் புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை, மூன்றாவது ஸ்விட்சின் பிளக்கில் தீய்ந்த வாடை அடிப்பதை இலைட்டியா கவனித்தார். புயலுக்கு முன்னால் பிளக்கை மாற்றிவிடலாம் என்று அதை மட்டும் அணைத்தார். கூடவே நான்காவதும் ஐந்தாவதும் துண்டிக்கப்பட்டன. மூன்றாவதோ மறுபடி உயிர் பெறவே இல்லை. டிக்கெட் கவுண்டரின் போன்களும் அறிவிப்புப் பலகையும் நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் இருந்தன. மதியக் கப்பல் ரத்தான செய்தி போய்ச் சேரவில்லை. இருநூறு பேர், கைக்குழந்தைகளோடு, மழையில் துறைமேடையில் நின்றார்கள். மேடையின் சாய்வுப் பலகையில் வழுக்கி விழுந்த ஒரு கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

புயல் ஓய்ந்ததும் முதல் விமானத்தில் வசிதி போனாள். புது ஸ்விட்சை மாட்டினாள். யாரும் பார்க்காத நேரத்தில் பையிலிருந்த நீளக் கேபிளையும் மாட்டினாள்.

இலைட்டியா வாசலில் வந்து நின்றார். "நான் ஒண்ணைத்தானே அணைச்சேன், வசிதி. மத்தது ஓடும்னு நீதானே சொன்ன?"

"சில நேரம் அப்படி ஆகும், மாமா."

விசாரணையில் குறிப்பெடுத்தவன் நான். மேலாளர் சதேந்திரா கேட்டார்: "நீ வச்சிட்டு வந்தப்போ வளையம் மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு, சார்."

அதையும் எழுதிக்கொண்டேன். புயல் நாளில் அனுமதி கேட்காமல் ஸ்விட்சை அணைத்தார் என்று இலைட்டியாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போய்விட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து, வசிதி தானாகவே சதேந்திராவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மூடின ஃபைல். இப்ப எதுக்கு இதைக் கிளறுற?" என்றார் அவர். ஆனாலும் இலைட்டியாவுக்கு வருத்தம் தெரிவித்து, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டு ஒரு கடிதம் போனது. பதில் வரவில்லை. வசிதியின் சம்பள உயர்வை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அவ்வளவுதான்.

இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். "பயம். வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, இலைட்டியாவின் அண்ணன் அபொரோசா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். வேர்க்கட்டைப் பாயில் வைத்துவிட்டுத் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அபொரோசா கட்டைத் தொட்டு எடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் குவிந்த கையால் தட்டினார்.

"எங்க வீட்டுப் பக்கம் இது முடிஞ்சுது, மகளே. ஆனா அவன்கிட்ட நீயே பேசு." போனை அழுத்தி அவள் கையில் கொடுத்தார்.

அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டத்தில் சாப்பாட்டு வேளை போலிருக்கிறது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"கடுதாசி வந்துச்சு, பிரிக்கல," என்றார் இலைட்டியா. "அன்னைக்கே சொல்லியிருந்தா பத்து நிமிஷம் கத்தியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து கவா குடிச்சிருப்போம்."

"மன்னிச்சிருங்க மாமா."

"மன்னிக்கிறது பெரிசில்ல. எந்த பட்டனை அமுக்கினேன், எதைத் தப்பாத் தொட்டேன்னு ஒன்றரை வருஷமா யோசிச்சேன். அந்தக் கிழவியை நான்தான் விழ வச்சேன்னு நானே நம்பிட்டேன்டி. இங்க ஒரு பிளக்கைச் சொருகக்கூட அடுத்தவனைக் கூப்பிடுறேன்."

திரும்பி வாருங்கள் என்று வசிதி கெஞ்சினாள். "வண்டி கிளம்புது" என்று போனை வைத்துவிட்டார்.

அபொரோசாவின் மனைவி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வசிதி மரவள்ளியைப் பிட்டாள், தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே எழுந்து போனாள்.

இலைட்டியா வரவே இல்லை. சவுசவுவில் இப்போது வேறு ஆள். வசிதி எங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் அந்தத் துறைமுகத்து வேலை வந்தால் மட்டும், "வேற யாரையாவது அனுப்புங்க" என்கிறாள்.